பழைய வரியின் அர்த்தத்தைச் சத்தமில்லாமல் மாற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டளைவரிக் கருவிகளைப் பற்றி உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கருப்புத் திரையில் தட்டச்சு செய்து வேலை வாங்கும் அந்தப் பழைய நிரல்களுக்கு ஒரு தமிழ் நாளிதழ் முழுப் பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரை முடியும் இடத்தில், பாசிக்ஸ் தரநிலை (யூனிக்ஸ் வகைக் கணினிகளில் கட்டளைகள் எப்படி நடக்க வேண்டும் என்ற பொது விதிகள்) ஒன்றைச் சொன்னால் கருவி அப்படித்தான் நடக்க வேண்டும், அதனால் பழைய ஸ்கிரிப்ட் (தானாக ஓட கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பு) உடைந்தால் அது எழுதியவர் தப்பு என்கிற தொனியில் ஒரு வரி இருந்தது. இருபது வருடமாக அடுத்தவர்கள் எழுதிவிட்டுப் போன ஸ்கிரிப்டுகளைக் கட்டி மேய்க்கிறவன் நான். அந்த வரியை அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை.

என் கதையைச் சொல்கிறேன். நான் பொறுப்பேற்ற ஓர் அலுவலகத்தில் ராத்திரி ஒரு மணிக்குத் தானாக ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட் ஒன்று இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது, அதில் பாதி அவருக்கும் முன்னால் இருந்தவருடையது. எந்தெந்த டைரக்டரிகளை நகலெடுக்க வேண்டும் என்ற பட்டியலை அது 'எக்கோ மைனஸ் ஈ' என்ற கட்டளையால் (எக்கோ கொடுத்ததை அப்படியே அச்சடிக்கும், 'மைனஸ் ஈ' அதன் ஆப்ஷன்) ஒரு கோப்பில் எழுதும், பிறகு அந்தப் பட்டியலை வரிவரியாகப் படித்து நகலெடுக்கும், பட்டியலில் சொன்ன இடம் இல்லை என்றால் பேசாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். வருடக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் சர்வரை அப்கிரேடு செய்தோம். அதன் பிறகும் ஓடியது, எர்ரர் எதுவும் இல்லை, காலையில் 'முடிந்தது' என்று மெயிலும் வந்துகொண்டிருந்தது. மூன்று வாரம் கழித்து ஒருவர் வந்து, ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்துவிட்டேன், பழைய நகலை எடுத்துத் தர முடியுமா என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது: பட்டியலின் முதல் டைரக்டரி இத்தனை நாளும் நகலெடுக்கப்படவே இல்லை. பட்டியலைத் திறந்து பார்த்தால் முதல் வரியில், டைரக்டரியின் பெயருக்கு முன்னால், 'மைனஸ் ஈ' என்று அச்சாகியிருந்தது. அப்படி ஓர் இடம் கணினியில் எங்கே இருக்கப் போகிறது, ஸ்கிரிப்ட் தாண்டிப் போயிருக்கிறது.

நடந்தது இவ்வளவுதான். ஸ்கிரிப்டில் உள்ள கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். முன்பு அந்த சர்வரில் 'எஸ்எச்' என்று கூப்பிட்டால் வந்து நின்றது பேஷ் என்ற ஷெல். அப்கிரேடுக்குப் பிறகு வந்து நின்றது டேஷ் என்ற சின்ன, வேகமான ஷெல். லினக்ஸ் விநியோகமான உபுண்டு இந்த மாற்றத்தை 2006-இல், 6.10 வெளியீட்டிலேயே செய்துவிட்டது, கணினி சீக்கிரம் பூட் ஆக வேண்டும் என்பது முக்கியக் காரணம். இன்னொரு விநியோகமான டெபியன் 2011-இல், ஸ்க்வீஸ் வெளியீட்டில், அதே வழிக்கு வந்தது. பேஷின் எக்கோவுக்கு 'மைனஸ் ஈ' என்பது ஓர் ஆப்ஷன், விழுங்கிக்கொள்ளும். டேஷின் எக்கோவுக்கு அது வெறும் எழுத்து, அச்சடித்துவிட்டுப் போகும். இதில் வேடிக்கை என்னவென்றால், தரநிலையைத் திறந்து வைத்துக்கொண்டு வழக்காடினால் டேஷ் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. எக்கோ என்ற கட்டளைக்கு யூனிக்ஸ் உலகில் இரண்டு பரம்பரை, பெர்க்லி வீட்டுக்காரர்கள் ஒருவிதமாக நடத்தினார்கள், சிஸ்டம் ஃபைவ் வீட்டுக்காரர்கள் வேறுவிதமாக. இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. பஞ்சாயத்துக்கு வந்த பாசிக்ஸ் தரநிலை, 'அவரவர் வழக்கப்படி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் புதிதாக எழுதுகிறவர்கள் பிரின்ட்எஃப் கட்டளையைப் பயன்படுத்துங்கள்' என்று எழுதிக்கொடுத்துவிட்டது. நல்ல யோசனைதான், நானும் இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் ஏற்கெனவே எழுதி வைத்த வரி போய்ப் படிக்காதே.

கட்டுரை எழுதியவர் சொல்வதுபோல அது ஸ்கிரிப்ட் எழுதியவர் தப்புதான் என்றே வைத்துக்கொள்ளலாம், எஸ்எச் என்று எழுதிவிட்டு பேஷின் வசதியை அனுபவித்திருக்கிறார். சரி. ஆனால் டேஷ் 'எனக்கு இந்த ஆப்ஷன் தெரியாது' என்று கத்திவிட்டு நின்றிருந்தால் அன்று காலையே நான் பார்த்திருப்பேன், பத்து நிமிட வேலை. அது கத்தவில்லை, வேறு ஓர் அர்த்தத்தை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தது. நான் சொல்ல வருவது இது ஒன்றுதான்: உடைவதைப் பொறுத்துக்கொள்ளலாம், ஒரே வரி நேற்று ஓர் அர்த்தமும் இன்று வேறு அர்த்தமுமாகச் சத்தமில்லாமல் மாறுவதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. அதைச் செய்யச் சொல்வது தரநிலையாகவே இருந்தாலும் சரி.

தரநிலை அப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறதா என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கிறது. வரிசைப்படுத்தும் 'சார்ட்' கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய காலத்தில் 'சார்ட் +1' என்றால் ஒவ்வொரு வரியிலும் முதல் சொல்லை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து பார்த்து வரிசைப்படுத்து என்று பொருள். பழைய பாசிக்ஸும் அதைத்தான் கேட்டது, ஒரு தலைமுறையின் விரல்களுக்கு அது மனப்பாடம். 2001-ஆம் ஆண்டுத் தரநிலை வந்து, அதே 'சார்ட் +1' என்றால் இனிமேல் '+1' என்ற பெயருள்ள கோப்பை வரிசைப்படுத்து என்று பொருள், பழைய வேலைக்கு 'சார்ட் மைனஸ் கே 2' என்று எழுதுங்கள் என்றது. பூஜ்யத்திலிருந்து எண்ணியதை ஒன்றிலிருந்து எண்ணுவதாக மாற்றியதில் நியாயம் உண்டு, கூட்டல் குறியில் தொடங்கும் பெயருள்ள கோப்பு வைத்திருப்பவருக்கும் நியாயம் உண்டு (அப்படி ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை). ஆனால் லினக்ஸில் வழக்கமாக வரும் குனு கருவிகள் புதிய தரநிலைப்படி நடக்கத் தொடங்கியதும் எத்தனையோ பழைய ஸ்கிரிப்டுகள் '+1 என்ற கோப்பைக் காணோம்' என்று நின்றன. இதற்காக ஒரு சூழல் மாறியே (நிரல்கள் ஓடும்போது பார்த்துக்கொள்ளும் அமைப்பு மதிப்பு) வைத்தார்கள்: அதில் 199209 என்று போட்டால் கருவி 1992-ஆம் ஆண்டுத் தரநிலைப்படி நடக்கும், 200112 என்று போட்டால் 2001-ஆம் ஆண்டுப்படி. வருடத்தைச் சொன்னால் அந்தக் காலத்துக்குப் போய்விடும் கட்டளை! கடைசியில் 2008-ஆம் ஆண்டுத் தரநிலை, பழையதோ புதியதோ எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தது. இடைப்பட்ட ஏழு வருடத்தில் 'தரநிலை சொன்னது' என்று பழைய ஸ்கிரிப்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தவர்களிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாக நினைவில்லை.

இந்த உதாரணத்தில் பெரும்பாலும் எர்ரராவது வந்தது. இதைவிட ஆபத்தானது எண்கள் மாறுவது. வட்டில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று சொல்லும் 'டிஎஃப்', 'டியூ' கட்டளைகள் பாசிக்ஸ் கணக்கில் 512 பைட்டை ஒரு கட்டமாக எண்ண வேண்டும். குனு 1024 பைட்டை ஒரு கட்டமாக எண்ணுகிறது, மனிதர்களுக்கு அதுதான் புரியும் என்பது அவர்கள் வாதம். தரநிலைப்படிதான் வேண்டும் என்பவர்களுக்காக ஒரு சூழல் மாறி உண்டு, அதன் பெயர் இன்று 'பாசிக்ஸ்லி கரெக்ட்'. முதலில் அதற்கு குனு திட்டத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் வைத்த பெயர் 'பாசிக்ஸ் மீ ஹார்டர்', அந்தக் கிண்டலை இந்தப் பத்திரிகையில் விளக்க முடியாது, விட்டுவிடுகிறேன். (பாசிக்ஸ் என்ற பெயரையே யோசனை சொன்னவர் அவர்தான் என்பது தனி வேடிக்கை.) அந்த மாறியை யாரோ ஒருவர் சர்வர் முழுமைக்கும் அமைத்துவிட்டால் என்ன ஆகும்? எந்த எர்ரரும் வராது. எல்லா எண்களும் இரண்டு மடங்காகும், அவ்வளவுதான். எண் இந்த அளவைத் தாண்டினால் பழைய கோப்புகளை அழி என்று ஒரு ஸ்கிரிப்ட் காத்துக்கொண்டிருந்தால், அது தன் கடமையைச் செய்யும். தரநிலை கேட்டதைக் கொடுத்தே தீருவேன் என்று குனு அன்று இயல்பு நிலையை மாற்றாமல், விரும்புகிறவர் மட்டும் திருப்பிக்கொள்ளும் சாவியாக வைத்ததை நான் புத்திசாலித்தனம் என்றுதான் சொல்வேன்.

இதெல்லாம் சொல்வதால் நான் தரநிலைக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். தரநிலை இல்லாத இடத்தில் படும் பாட்டையும் பட்டிருக்கிறேன். கோப்பைத் திறக்காமலே உள்ளே இருக்கும் சொற்களை மாற்றும் 'செட்' கட்டளையில் 'மைனஸ் ஐ' என்று ஓர் ஆப்ஷன் உண்டு, லினக்ஸில் எல்லாரும் தினமும் பயன்படுத்துவது. பாசிக்ஸில் அது கிடையாது. மேக் கணினியில் அதே வரியைக் கொடுத்தால், மைனஸ் ஐ-க்குப் பக்கத்தில் இருப்பதைப் பழைய கோப்பின் நகலுக்கு வைக்க வேண்டிய பின்னொட்டு என்று எடுத்துக்கொள்ளும், அதற்கு அடுத்து இருக்கும் கோப்பின் பெயரைக் கட்டளை என்று நினைத்துப் படிக்கப் போகும், பிறகு சம்பந்தமே இல்லாத ஓர் எர்ரரைக் கக்கும். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி ஓடும் ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தவர்களுக்குத்தான் பாசிக்ஸின் அருமை தெரியும்.

நம் மொழிக்கே இதில் ஒரு பங்கு இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் இத்தனையாவது எழுத்திலிருந்து இத்தனையாவது எழுத்து வரை வெட்டிக் கொடு என்று 'கட்' கட்டளையிடம் 'மைனஸ் சி' போட்டுக் கேட்கலாம். எழுத்து என்றால் எழுத்து, பைட் வேண்டுமென்றால் அதற்குத் தனியாக 'மைனஸ் பி' இருக்கிறது, தரநிலை தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. குனுவின் கட் நெடுங்காலம் இரண்டையும் ஒன்றாகவே நடத்தியது, எழுத்து கேட்டாலும் பைட்டைத்தான் எண்ணியது. ஆங்கிலத்துக்கு எழுத்துக்கு ஒரு பைட், ஒரு வித்தியாசமும் தெரியாது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். 'தமிழ்' என்ற சொல் 15 பைட். அதில் முதல் இரண்டு எழுத்தைக் கேட்டால் 'த' கூட முழுசாக வராது, கால் உடைந்த குப்பை ஒன்று திரையில் கேள்விக்குறியாக நிற்கும். சில லினக்ஸ் விநியோகங்கள் தாங்களாகவே ஒட்டுப்போட்டு இதைச் சரிசெய்து கொடுத்தன, மற்றவற்றில் நாம்தான் வேறு வழி தேட வேண்டியிருந்தது. இந்த இடத்தில் நான் முழுக்கத் தரநிலை பக்கம். பழைய நடத்தையை நம்பி யாராவது தமிழ்ச் சொல்லைப் பாதி எழுத்தில் வெட்டிக்கொண்டிருப்பார்களா, உடைப்பதற்கு அங்கே என்ன மிச்சம் இருக்கிறது? தரநிலைப்படி நடந்தால் முதல் மூன்று கேட்டபோது 'தமி' என்றாவது வரும். அதிலும் குறியை எண்ணுகிறதே தவிர நாம் எழுத்து என்று நினைப்பதை எண்ணவில்லை, 'மி' அதற்கு இரண்டு. அந்தச் சண்டையை இன்னொரு கடிதத்தில் வைத்துக்கொள்வோம்.

மாற்றவே கூடாதா என்றால், மாற்றலாம். மாற்றத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நிரல் கோப்புகளின் மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் 2014-இல் 2.0 வெளியிட்டபோது, எதையும் குறிப்பிடாமல் 'புஷ்' (நம் மாற்றங்களைப் பொது இடத்துக்கு அனுப்பும் கட்டளை) கொடுத்தால் என்ன நடக்கும் என்பதையே மாற்றியது. அதற்கு முன்பு அந்த வரி ஒரே பெயருள்ள எல்லாக் கிளைகளையும் தள்ளிவிடும், பிறகு நிற்கிற கிளையை மட்டும். ஆனால் அதற்கு முந்தைய வெர்ஷன்களிலேயே, இது மாறப் போகிறது, உனக்கு எது வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்துக்கொள் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். மாறிய அன்று எனக்கு ஒரு அதிர்ச்சியும் இல்லை, நச்சரிப்பு நின்ற நிம்மதிதான். அதே கிட், நிலவரம் சொல்லும் கட்டளைக்கு 'போர்சலின்' என்று தனி ஆப்ஷன் வைத்திருக்கிறது: மனிதர் பார்க்கும் வடிவத்தை எப்படி வேண்டுமானாலும் அழகுபடுத்துவோம், ஸ்கிரிப்ட் படிக்கும் வடிவத்தில் கை வைக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுப்பது. கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' 2016-இல் செய்ததும் இதே வகை. இடைவெளி உள்ள கோப்புப் பெயர்களை மேற்கோள் குறிக்குள் காட்டத் தொடங்கியபோது கண்டபடி திட்டினார்கள், நானும் முதல் நாள் திட்டினேன். ஆனால் அது டெர்மினலில் கண்ணால் பார்க்கும்போது மட்டும்தான், பைப் வழியாக வேறு நிரலுக்குப் போகும்போது பழையபடியே போனது. என் ஸ்கிரிப்ட் ஒன்றுகூட அசையவில்லை.

கோப்புகளில் சொல் தேடும் கிரெப் கருவிக்காரர்கள் செய்தது எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. அதன் உறவான 'ஈகிரெப்' 1970களிலிருந்து இருக்கிறது. தரநிலை அதைக் கைவிட்டு வெகுகாலமாகிறது, 'கிரெப் மைனஸ் ஈ' (பெரிய எழுத்து ஈ) என்று எழுதச் சொல்கிறது. 2007-இலிருந்து குனு ஆவணத்தில் வழக்கொழிந்தது என்று எழுதி வைத்திருந்தார்கள், யாரும் படிக்கவில்லை. 2022-இல் 3.8 வெளியீட்டில், ஈகிரெப் என்று கூப்பிட்டால் எர்ரர் வழியில் (பிழைச் செய்திகள் வரும் தனி வழி) ஓர் எச்சரிக்கை வரும்படி வைத்தார்கள். அர்த்தத்தை மாற்றவில்லை, முதலிலேயே சொன்னார்கள், நான் கேட்ட மரியாதையெல்லாம் இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன், எதற்கு? இரண்டு வரிச் செலவில் காலாகாலத்துக்கும் வைத்துக்கொள்ளக்கூடிய பெயர் அது. அந்தப் பெயரில் இனி வேறு ஒரு நல்லது வரப் போவதும் இல்லை. எர்ரர் வழியில் ஒரு வரி வந்தாலே தோல்வி என்று எடுத்துக்கொள்ளும் ஸ்கிரிப்டுகள் ராத்திரியெல்லாம் மெயில் அனுப்பிக்கொண்டிருந்தன, சில விநியோகங்கள் அந்த எச்சரிக்கையையே வெட்டிவிட்டுத்தான் கிரெப்பை வெளியிட்டன. பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் கருவியை 2001-இல் தரநிலையிலிருந்து நீக்கிவிட்டு பாக்ஸ் என்பதைப் பயன்படுத்துங்கள் என்றார்களே, என்ன ஆனது? டார் இல்லாத லினக்ஸை நான் பார்த்ததில்லை, பாக்ஸை நாமாகத் தேடி நிறுவ வேண்டியிருக்கிறது. நேர்மாறாக, கோப்புப் பெயர்களுக்கு நடுவே பூஜ்யப் பைட் வைத்துப் பிரிக்கும், கோப்பு தேடும் 'ஃபைன்ட்' கட்டளையின் 'பிரின்ட்-0' வசதியை ஜனங்கள் பல பத்து வருடமாகப் பயன்படுத்தி நிரூபித்த பிறகு 2024-ஆம் ஆண்டுத் தரநிலை சேர்த்துக்கொண்டது. ஊர் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதையைப் பார்த்துச் சாலை போடுகிற மாதிரி. அப்படி வந்த தரநிலைக்கு யாரும் எதிர்ப்புச் சொன்னதில்லை.

கடைசியாக ஒன்று. உபுண்டு 25.10-இல், 2025 அக்டோபரில், பழைய குனு கருவிகளுக்குப் பதிலாக ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதப்பட்ட கருவிகளை வைத்தார்கள். அந்தத் திட்டத்துக்காரர்கள் குனுவிலிருந்து எந்த இடத்தில் வேறுபட்டாலும் அதைப் பிழையாகவே எடுத்துக்கொள்வோம் என்று அறிவித்திருப்பவர்கள், நல்ல உழைப்பாளிகள். அப்படியும் 'டேட்' கட்டளையில் ஒன்று நழுவிவிட்டது. 'மைனஸ் ஆர்' போட்டு ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால், அந்தக் கோப்பு கடைசியாக எப்போது மாறியது என்று சொல்ல வேண்டும். புதியது அந்த ஆப்ஷனை வாங்கி வைத்துக்கொண்டு, எர்ரர் எதுவும் சொல்லாமல், இப்போது மணி என்ன என்று சொன்னது. தானாகப் புதுப்பிப்பு தேடும் ஸ்கிரிப்ட் அந்த நேரத்தை நம்பியிருந்ததால், சில கணினிகளில் புதுப்பிப்பு தேடுவதே நின்றுபோனது. இதைச் சரிசெய்யும் திருத்தமும் ஒரு புதுப்பிப்பாகத்தானே வர வேண்டும்! உங்கள் கட்டுரையாளருக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. பாசிக்ஸ் தரநிலையில் டேட் கட்டளைக்கு 'மைனஸ் ஆர்' என்ற ஆப்ஷனே கிடையாது. தரநிலைப் புத்தகத்தை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் இந்தக் கருவி நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம், குறையாகச் சொல்லவில்லை. அதே பக்கத்துப் பெட்டிச் செய்தியில், ஒரு கோப்பின் முதல் பத்து வரிகளைப் பார்க்க 'ஹெட் -10' என்று கொடுங்கள் என அச்சிட்டிருந்தீர்கள். அந்த வடிவம் 2001-ஆம் ஆண்டுத் தரநிலையிலேயே நீக்கப்பட்டுவிட்டது, நடுவில் ஓர் 'என்' சேர்த்து எழுத வேண்டும். திருத்தம் போட வேண்டாம். வாசகர்கள் யார் எந்தக் கணினியில் தட்டிப் பார்த்தாலும் அநேகமாக ஓடும், அப்படி ஓடட்டும் என்று யாரோ பெயர் தெரியாதவர்கள் இத்தனை வருடமாக விட்டு வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
அடுத்தவர் ஸ்கிரிப்டுகளோடு காலம் தள்ளும் ஒரு வாசகர்